சர்வர் இல்லாவிட்டாலும் கிளம்பு

மார்ச் 3, திங்கள்

பதினொரு கணினிகளும் எழுந்திருக்கவில்லை.

சனி ஞாயிறு இரண்டு நாளும் அலுவலகத்தில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் லினக்ஸைப் புதுப்பித்தேன். இன்று காலை ஒவ்வொருவராக வந்து பொத்தானை அழுத்தினார்கள். கறுப்புத் திரை, நான்கு வரி எழுத்து, அதோடு சரி. நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடும் அலுவலகம் இது. பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் பின்னால் நின்றால் எனக்கு எழுத்துப்பிழை வரும். "என்னம்மா ஆச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். சொன்னேன். நாளைக்கும் கேட்பார் என்பதால் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இந்தக் கணினிகளில் வட்டு சின்னது. அதனால் எனக்கு முன்பு இந்த வேலையில் இருந்தவர் இரண்டு கோப்புறைகளைச் சர்வரில் வைத்துவிட்டார். ஒன்று யூஎஸ்ஆர், நிரல்கள் எல்லாம் அதில். இன்னொன்று ஹோம், ஆட்கள் செய்யும் வேலையெல்லாம் அதில். மேசைக் கணினியில் அந்த இரண்டு பெயரிலும் வெறும் கோப்புறைதான் இருக்கும். கிளம்பும்போது சர்வரில் இருப்பதை நெட்வொர்க் வழியாக வாங்கி அந்த வெறும் கோப்புறையின் மேல் பொருத்திக்கொள்ளும். இதற்குப் பெயர் மவுண்ட். அதன் பிறகு பார்க்கிறவருக்குச் சர்வரில் இருப்பது மட்டும்தான் தெரியும். எல்லாம் தன் கணினியிலேயே இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

"மேசை மேல விரிப்பு போடற மாதிரி" என்றார் மேலாளர். ஆமாம் என்றேன்.

புது லினக்ஸோ கிளம்பும் முதல் நொடியிலேயே யூஎஸ்ஆரைத் தேடுகிறது. யூஎஸ்ஆர் சர்வரில் இருக்கிறது. சர்வரைக் கூப்பிடும் நிரல் யூஎஸ்ஆருக்குள் இருக்கிறது.

"பீரோ சாவிய பீரோக்குள்ளயே வச்சுப் பூட்டிட்டே" என்றார். இவ்வளவு சரியாக அவர் எதையும் புரிந்துகொண்டு நான் பார்த்ததில்லை.

முதலில் ஒன்றில் சோதித்திருக்கலாமே? சோதித்தேன். என்னுடையதில். என்னுடையதில் மட்டும் யூஎஸ்ஆர் உள்ளேயே இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

யூஎஸ்ஆரைப் பதினொரு கணினிகளிலும் உள்வட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். தேவையில்லாத நிரல்களைக் கழித்ததும் இடம் போதுமானதாகிவிட்டது. ஹோம் மட்டும் சர்வரிலேயே இருக்கிறது. அது அங்கே இருப்பதுதான் நல்லது. காப்புப் பிரதி சர்வரில் இருந்துதான் எடுக்கிறேன்.

கடைசிக் கணினி எழுந்தபோது மணி ஐந்து. யாரும் கைதட்டவில்லை. மேலாளர் மட்டும், "இந்த வருஷம் பதவி உயர்வு லிஸ்ட்ல உன் பேரும் போயிருக்கு. கொஞ்சம் பாத்துப் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாராட்டா மிரட்டலா தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

சர்வருக்குள் தூசி தட்டுவதற்காக அரை மணி நேரம் அணைத்தேன். அந்த நேரம் பார்த்து நான்கு பேர் கணினியைப் போட்டிருக்கிறார்கள். நான்கும் சர்வருக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் பிழைச்செய்தி காட்டி நின்றுவிட்டன.

மேலாளர் மறுபடியும் பின்னால். "சர்வர் இல்லன்னா இல்லன்னு விட்டுட்டுக் கிளம்பக் கூடாதா? ஆபீஸ்ல ஒருத்தர் லீவு போட்டா மத்தவங்க வேலை செய்யறதில்லையா?"

ஹோம் மவுண்ட் ஆகும் வரியில் ஒரே ஒரு சொல் சேர்த்தேன். நோஃபெயில். மவுண்ட் ஆனால் நல்லது, ஆகாவிட்டாலும் பரவாயில்லை, கிளம்பு என்று பொருள். கையோடு இன்னொரு வசதியும் செய்தேன்: உள்ளே நுழைகிறவருக்குச் சொந்தக் கோப்புறை இல்லாவிட்டால் கணினியே அந்த இடத்தில் ஒன்று உருவாக்கிக் கொடுத்துவிடும். ஒரே நாளில் இரண்டு வசதி. இனி யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் காலையிலிருந்து என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாத்திரம் கழுவினார். துடைத்தார். அடுக்கியதை எடுத்து மறுபடி அடுக்கினார்.

"நாளைக்கு உங்க ஆபீஸ்ல புதுசா ஒருத்தர் சேர்றாங்களாமே?"

"ஆமா. பேர் இன்னும் எனக்கு வரல."

"என் தங்கச்சிதான்" என்றார், கையில் இருந்த தட்டைப் பார்த்து.

தேர்வு எழுதித் தேறியிருக்கிறாள். ஒரு மாதமாக எல்லாருக்கும் தெரியும். என்னைத் தவிர.

எனக்கும் என் நாத்தனாருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. காரணம் இந்தச் சர்வர்தான். மாமனாருக்குக் குடலிறக்க ஆபரேஷன் அன்று அவரைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்போது அலுவலகத்தில் இருந்து போன் வந்தது, சர்வர் நின்றுவிட்டது என்று. நான் போனேன். சர்வர் பிழைத்தது. மாமனாரும் பிழைத்தார். திரும்பி வந்தபோது இவள் வார்டு வாசலில் அத்தனை பேர் முன்னாலும், "அண்ணிக்கு மனுஷங்களவிட மெஷின்தான் முக்கியம்" என்றாள். மாமனார் இன்றைக்கும் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அவருக்கு என்ன, மயக்கத்தில் இருந்தார்.

இரண்டு பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் பதினொரு வருடம் கழித்து வேலைக்கு வருகிறாள். "இந்த வயசுல இதெல்லாம் இவளுக்கு வருமா" என்று அவள் வீட்டிலேயே பேச்சாம். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். இவர் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணும் கடிச்சிடமாட்டேன்" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

வந்தாள். மூலை மேசை கொடுத்திருக்கிறார்கள். அந்த மேசைக்கு நெட்வொர்க் வயர் எட்டாது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வைத்து இழுத்திருக்கிறேன். கணினி, ஸ்கேனர், அந்தப் பெட்டி மூன்றும் ஒரே நீட்டிப்புப் பலகையில். நானே சுவிட்சைப் போட்டேன். மூன்றிலும் ஒன்றாக விளக்கு எரிந்தது. கணினி கிளம்பியது. சர்வரில் அவள் பெயரில் கோப்புறை நேற்றிரவே வீட்டில் இருந்தே உருவாக்கிவிட்டேன், என் பக்கம் குறை இருக்கக்கூடாது என்பதற்காக.

"வணக்கம்" என்றாள்.

"வணக்கம். பாஸ்வேர்ட் இந்தச் சீட்டுல இருக்கு. பென் டிரைவ் கூடாது. சுற்றறிக்கை ஒட்டியிருக்கு, படிச்சுக்கங்க."

சுற்றறிக்கை நான் எழுதியதுதான். வாழ்க்கையில் முதல் முறையாக அவளை 'நீங்க' என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் சங்கடமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

மார்ச் 12, புதன்

என் மேசைக்கு வந்து ஓர் அடி தள்ளி நின்றாள். "எல்லாருக்கும் ஹோம்ல 'பொது'ன்னு ஒரு ஃபோல்டர் தெரியுதே. எனக்குத் தெரியலையே."

நான் திரும்பவில்லை. "கண்ணாடி போட்டுப் பாருங்க" என்றேன்.

பக்கத்து மேசையில் இருக்கும் வரைபடக்காரர் களுக்கென்று சிரித்தார். அவள் போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்

இன்று மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். கேள்வி எதுவும் வரவில்லை. தீர்ந்துவிட்டது போல.

மார்ச் 20, வியாழன்

அவளுக்கு நாற்பத்தாறு தடங்கள் கொடுத்திருக்கிறார் மேலாளர். ஓட்டுநர்கள் கையால் எழுதிய பதிவேடுகளை ஸ்கேன் செய்து, எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்துக்கு உண்மையில் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துப் புது அட்டவணை போட வேண்டும். தடம் தடமாகக் காட்டட்டுமா என்று கேட்டாளாம். "முப்பத்தொண்ணாம் தேதி முழுசா முடிச்சு ஒரே தடவையா காட்டு" என்று சொல்லிவிட்டார். நல்ல வேளை, என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒன்று கவனித்தேன். சாயங்காலம் திரையை மட்டும் அணைக்கிறாள், கணினியை அணைப்பதே இல்லை. மூன்றாம் தேதி கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அணைத்தால் எழுந்திருக்காது என்று பயம். அணைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம்தான்.

மார்ச் 24, திங்கள்

இவர் கேட்டார், "எப்படி இருக்கா?" "மூலைல இருக்காங்க" என்றேன்.

மார்ச் 29, சனி

கட்டடம் முழுக்க மின்சார வேலை. எல்லாக் கணினியையும் அணைக்கச் சொல்லியிருந்தார்கள். மூலைக் கணினியை நான்தான் அணைத்தேன். மின்பணியாளர் நீட்டிப்புப் பலகையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். "இந்த மூலைக்குத் தனியா ஒரு பிளக் பாயிண்ட் குடுத்துடறேன். அந்தக் குட்டிப் பெட்டி அதுலயே இருக்கட்டும், அணைக்க வேணாம்" என்றார். கொடுத்தார். எனக்கு எப்போதுமே மின்பணியாளர்கள் மேல் மரியாதை உண்டு.

மார்ச் 31, திங்கள்

ஒன்பதே காலுக்கு மூலையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. அதனால்தான் திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணி, என் வேலை எதுவுமே இல்ல."

அலுவலகத்தில் அண்ணி என்று கூப்பிட்டது முதல் தடவை. பதினொரு பேரும் நிமிர்ந்தார்கள். உறவே இன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும்.

போய்ப் பார்த்தேன். அவள் கோப்புறை திறந்தது. காலி. 'பொது' கோப்புறை சரியாகத் தெரிந்தது. "இது இதுவரைக்கும் இல்ல, இன்னைக்குத்தான் வந்திருக்கு" என்றாள். அது ஒரு மாதிரியான சமாளிப்பாக எனக்குப் பட்டது.

பத்து மணிக்கு மேலாளர் அட்டவணை கேட்டார். அவளால் ஒன்றும் காட்ட முடியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

மேலாளர் என்னிடம் எழுத்தில் அறிக்கை கேட்டிருக்கிறார். சர்வர் என்ன சொல்கிறது?

சர்வரை நேற்றும் இன்றும் குடைந்தேன். அவள் பெயரில் ஒரு கோப்பும் இல்லை. அழிக்கப்பட்ட தடயமும் இல்லை. காப்புப் பிரதிகள் இருபதையும் திறந்தேன். இருபதிலும் அந்தக் கோப்புறை காலி. ஒன்பதாம் தேதி நான் உருவாக்கிய பிறகு முப்பத்தொன்றாம் தேதி வரை அதை யாரும் தொட்டதே இல்லை.

வரைபடக்காரர், "நாள் பூரா டைப் அடிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க" என்றார். மேலாளர், "என்னத்த அடிச்சாங்க?" என்றார்.

உண்மையாகவே சும்மா உட்கார்ந்திருந்தாளா? மூன்று வாரம்? பயத்தில் செய்ய முடியாமல், சொல்லவும் முடியாமல்... அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள். சர்வர் பொய் சொல்லாது.

ஏப்ரல் 2, புதன்

அறிக்கை கொடுத்துவிட்டேன். ஐந்து வரி. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

வீட்டில் இவரிடமும் சொன்னேன். "நான் இருக்கறதத்தான் எழுதினேன்" என்றேன். "நான் ஒண்ணும் கேக்கலையே" என்றார். பாத்திரம் எதையும் கழுவவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அடையாள அட்டையை மேசை மேல் வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். மேலாளர் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். திங்கட்கிழமை முறையான கடிதம் போகும்.

போகும்போது என் மேசைப் பக்கம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த ஸ்கேனர்ல பேப்பர் ரெண்டு ரெண்டா இழுக்குது. அடுத்து வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கேனரில் பேப்பர் இரண்டிரண்டாக இழுப்பது சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 4, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒருவர் போனால் அவர் கணினியின் உள்வட்டை அழித்துவிட்டு அடுத்தவருக்குத் தயார் செய்வது வழக்கம். உள்வட்டில் யாருடைய வேலையும் இருக்காது, எல்லாம் சர்வரில்தானே. மூலைக் கணினியில் உட்கார்ந்தேன். கட்டளையை அடித்துவிட்டேன். எண்டர் மட்டும் பாக்கி.

அழிப்பதற்கு முன்பு வட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்ப்பது என் பழக்கம். வேறு எந்தக் காரணமும் இல்லை, பல் விளக்குவது மாதிரி. அடித்த கட்டளையை நீக்கிவிட்டுப் பார்த்தேன். பதினாறு ஜிபி என்றது. உள்ளே இருக்கும் கோப்புறைகளை ஒவ்வொன்றாக அளந்து கூட்டினேன். பன்னிரண்டு. மறுபடி கூட்டினேன். பன்னிரண்டுதான். நான்கு ஜிபி வட்டில் இருக்கிறது, ஆனால் எந்தக் கோப்புறையிலும் இல்லை.

என்ன இது, எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம். அப்புறம் மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது.

மேசை மேல் விரிப்பு போடுவது மாதிரி. மேலாளரிடம் ஆமாம் என்று சொன்னேனே. விரிப்புக்கு அடியில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால்? அழியாது. தெரியாது, அவ்வளவுதான். வட்டின் மொத்தக் கணக்கில் வரும், எண்ணிப் பார்த்தால் வராது. எனக்கு இது பதினைந்து வருடமாகத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன்.

சர்வரின் ஹோமைக் கழற்றினேன். அடியில் இருந்த வெறும் ஹோம் தெரிந்தது. அது வெறும் ஹோம் இல்லை. அதற்குள் அவள் பெயரில் ஒரு கோப்புறை. நாற்பத்தாறு தடங்கள். நாற்பத்தாறுக்கும் அட்டவணை. ஆயிரத்துச் சொச்சம் பதிவேட்டுப் பக்கங்கள், தேதி வாரியாக.

நடந்தது இதுதான். பத்தாம் தேதி நான் ஒரே சுவிட்சில் கணினியையும் அந்தக் குட்டிப் பெட்டியையும் போட்டேன். பெட்டி விழித்துக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும். கணினி அதற்கு முன்பே சர்வரைத் தேடியது. வழி இல்லை. பழைய மாதிரி இருந்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும், நானும் கவனித்திருப்பேன். நான்தான் சொல் சேர்த்திருந்தேனே, பரவாயில்லை கிளம்பு என்று. கிளம்பியது. அவள் உள்ளே நுழைந்தாள். கோப்புறை இல்லை. அதற்கும் நான் வசதி செய்திருந்தேனே, உருவாக்கிக் கொடுத்தது. மூன்று வாரம் அதிலேயே வேலை செய்தாள், அணைக்காமல். இருபத்தொன்பதாம் தேதி பெட்டிக்குத் தனி பிளக் வந்தது. திங்களன்று சர்வர் ஒழுங்காக மவுண்ட் ஆகி அவள் வேலையை மூடிவிட்டது.

பன்னிரண்டாம் தேதியே வந்து சொன்னாள். பொது கோப்புறை தெரியவில்லை என்று. எழுந்து இருபது அடி நடந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். நான் கண்ணாடி போடச் சொன்னேன்.

இன்னொரு கோப்பும் இருந்தது. பெயர் 'அண்ணியிடம் கேட்க வேண்டியவை'. அடுத்தவர் கோப்பைத் திறக்கக்கூடாது என்ற சுற்றறிக்கையும் நான் எழுதியதுதான். திறந்தேன். ஒன்பது இருந்தன. முதல் இரண்டையும் கடைசியையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. பொது ஃபோல்டர். (கேட்டாச்சு. கண்ணாடி போடச் சொன்னாங்க. வீட்லேந்து எடுத்துட்டு வந்து போட்டுப் பாத்தேன். இல்ல.)

2. மெஷின அணைச்சா திரும்ப வருமா?

9. அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது. எப்படி ஆரம்பிக்கிறது? மதியம் சாப்பிடும்போதா?

மூலை மேசையிலேயே உட்கார்ந்து அழுதேன். வரைபடக்காரர் ஒரு கோப்பை டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

எல்லாவற்றையும் சர்வரில் படியெடுத்துவிட்டேன். மூன்று இடத்தில். பென் டிரைவிலும்.

அதே நாள், வீட்டில்

இன்னும் யாருக்கும் தெரியாது. 'தேடினேன், கிடைத்தது' என்று மட்டும் சொன்னால் போதும். மேலாளர் என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார். அவள் வேலையும் பிழைக்கும். எப்படித் தொலைந்தது என்று கேட்டால் 'மவுண்ட் கோளாறு' என்பேன். அதுவும் பொய்யில்லை. இவர் கண்ணிலும் நான் பெரிய ஆளாகிவிடுவேன்.

ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருக்கும். புதன்கிழமை மாதிரியே.

ஏப்ரல் 5, சனி

இவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். தனியாகவே போனேன். நான்கு தெரு தள்ளித்தான் வீடு. மூன்று வருடத்தில் வாசல் கதவுக்கு வேறு நிறம் அடித்திருக்கிறார்கள்.

அவளே திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நோஃபெயில், பெட்டி, கோப்புறை, கண்ணாடி. எதையும் விடவில்லை. பாதி புரிந்திருக்காது. புரிய வேண்டியது புரிந்தது.

"அப்ப நான் வேலை செஞ்சேன்னு உங்களுக்கே நேத்துதான் தெரியுமா?"

"ஆமா."

"நான் சும்மா உக்காந்திருந்தேன்னு நெனச்சீங்க."

"உன்ன நம்பாம இருக்கறது எனக்கு சௌகரியமா இருந்துச்சு" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வந்துவிட்டது.

"ராத்திரியெல்லாம் தூங்கல அண்ணி. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெஜமாவே செஞ்சேனா, செஞ்ச மாதிரி நெனச்சுக்கிட்டேனான்னு" என்றாள். "மன்னிச்சுடு" என்றேன்.

"அழிச்சிருந்தா?"

"ஒரு எண்டர்தான் மிச்சம்."

அதற்கு ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. சிரிக்கக்கூடாது என்று முயன்று, முடியாமல். செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது சொன்னேன், "அணைச்சா திரும்ப வரும். பயப்படாம அணைக்கலாம்."

சட்டென்று நிமிர்ந்தாள். "அதப் படிச்சீங்களா?"

"எட்டு வரைக்கும்" என்றேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இரண்டாவது அறிக்கை கொடுத்தேன். இரண்டு பக்கம். 'முதல் அறிக்கையில் உள்ள எல்லாச் சொற்களும் உண்மை. முடிவு தவறு. காரணம் நான்' என்று ஆரம்பித்தேன்.

மேலாளர் இரண்டு தடவை படித்தார். "இத நீ சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"தெரிஞ்சிருக்காது சார்."

"பின்ன ஏம்மா?"

"மொத அறிக்கை கோப்புல இருக்கே சார். சும்மா இருந்தாங்கன்னு. அது அங்கயே இருக்கும்ல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சர்வர் இல்லாவிட்டாலும் கிளம்பட்டும் என்று சொன்னது தான்தான் என்பது அவருக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை. அவர் கேட்டார்; செய்தது நான். நாற்பத்தாறு தடங்களையும் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மதியம் அவளை வரச்சொல்லி அவர் கையாலேயே அடையாள அட்டையைக் கொடுத்தார்.

ஏப்ரல் 9, புதன்

எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கேட்டு. பதவி உயர்வுப் பட்டியலில் இப்போது என் பெயர் இல்லை. இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

ஏப்ரல் 11, வெள்ளி

நோஃபெயில் என்ற சொல்லைப் பன்னிரண்டு கணினிகளிலும் எடுத்துவிட்டேன். எடுத்ததோடு நிறுத்தவில்லை. அடியில் இருக்கும் வெறும் ஹோமில் யாராலும் எதையும் எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறேன். ஹோம் மவுண்ட் ஆகாவிட்டால் கணினி நுழைவுத் திரையிலேயே நிற்கும். யாரையும் உள்ளே விடாது. நான் எழுதிவைத்த ஒரு வரியைக் காட்டும். 'சர்வர் வரவில்லை. 14-ஆம் எண்ணுக்கு அழைக்கவும்.' பதினான்கு என் மேசை எண். இதுவரை அதை எங்கேயும் ஒட்டியதில்லை.

மூலைக் கணினியில் மட்டும் வரியைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது யார் கண்ணிலும் படாது.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று மதியம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தாள், மூடினாள். "அண்ணி, ஒன்பதாவது..." என்றாள். "சாப்பிடு, ஆறிடும்" என்றேன். "ஏற்கெனவே ஆறினதுதான்" என்றாள். பிறகு சொன்னாள். நானும் சொன்னேன். அன்றைக்குச் சர்வருக்குப் போகும் வழியெல்லாம் நான் எதை நினைத்துக்கொண்டு போனேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மாமனாரைத் தள்ளிக்கொண்டு போன படுக்கையின் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டதைத்தான். இரண்டு பேருடைய சாப்பாடும் அப்படியே இருந்தது.

மே 6, செவ்வாய்

காலை எட்டு ஐம்பதுக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. எங்கள் அறையில் எல்லாரும் எழுந்து வந்துதான் கேட்பார்கள், யாரும் போன் செய்வதில்லை. எடுத்தேன்.

"அண்ணி." மூலையில் இருந்துதான். இருபது அடியில் அவள் தலை தெரிகிறது, நேராகவும் குரல் கேட்கிறது, போனிலும் கேட்கிறது. "குட்டிப் பெட்டில வயர் கழண்டிருக்கு போல. மெஷின் உள்ள விடமாட்டேங்குது."

"ஸ்க்ரீன்ல என்ன இருக்கு?"

படித்தாள். "'எதுவும் எழுதாதே. அண்ணியைக் கூப்பிடு'ன்னு இருக்கு."

அவள் தலை என் பக்கம் திரும்பியது.

"அதான் கூப்பிட்டேன்" என்றாள்.

மேசை டிராயரில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து போனேன்.